எக்ஸ்-விங் என்ற பெயர் வருவதற்கு முன்

எளிய சுடோகுப் புதிர்களைக் கடந்து கடினமானவற்றுக்குள் நுழைபவர் பெரும்பாலும் முதலில் கற்கும் உயர்நிலை வடிவம் எக்ஸ்-விங். அதன் அமைப்பு எளிது. இரண்டாம் நிரையில் 5 என்னும் எண் மூன்றாம் நிரலிலோ எட்டாம் நிரலிலோ மட்டுமே அமர முடியும் என்று கொள்க. ஏழாம் நிரையிலும் நிலைமை அதுவே. இரண்டாம் நிரையின் 5 மூன்றாம் நிரலுக்குப் போனால் ஏழாம் நிரையின் 5 எட்டாம் நிரலுக்குப் போக வேண்டும். இல்லையேல் நேர்மாறாக அமைய வேண்டும். எவ்வாறாயினும் மூன்றாம், எட்டாம் நிரல்களுக்குரிய 5-கள் இந்த இரு நிரைகளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே அவ்விரு நிரல்களின் பிற கட்டங்களிலிருந்து 5-ஐ நீக்கிவிடலாம். எங்கே 5 வரும் என்று தெரியாத நிலையிலேயே எங்கே வராது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. புதிர் தீர்ப்போரை இவ்வடிவம் ஈர்ப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டு நிரை, இரண்டு நிரல் என்பது மூன்றுக்கு மூன்றாக விரிந்தால் அதன் பெயர் ஸ்வார்ட்ஃபிஷ். நான்குக்கு நான்காக விரிந்தால் ஜெல்லிஃபிஷ். எக்ஸ்-விங் என்பது 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் போர்விமானத்துக்கும் உரிய பெயர். வாள்மீனும் இழுதுமீனும் விண்கலமும் ஒரே குடும்பமாகிவிட்ட இந்தப் பெயர்த்தொகுதி புதிருலகில் பரவலானது 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். ஆனால் இப்பெயர்கள் சுட்டும் உண்மை 1935இலேயே அச்சேறிவிட்டது. அவை தனித்தனி வடிவங்கள் அல்ல, ஒரே வடிவத்தின் பல முகங்கள் என்று காட்டும் பார்வை 1940களில் கல்கத்தாவில் உருவானது. இவற்றுள் எதுவும் சுடோகுவுக்காகச் செய்யப்பட்டதன்று.

முதலில் புதிரின் வரலாறு. 1979 மே மாதம் அமெரிக்காவின் டெல் நிறுவன இதழொன்றில் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் இப்புதிர் வெளிவந்தது. இதனை அமைத்தவர் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹோவார்ட் கார்ன்ஸ் எனக் கருதப்படுகிறது. 1984இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் இதனை ஏற்று வெளியிட்டது. நிக்கோலியின் மாக்கி காஜி இட்ட பெயர் ஒரு முழு வாக்கியம்: 'சூஜி வா டோகுஷின் நி ககிரு'. அதன் சுருக்கமே சுடோகு. 'டோகுஷின்' என்ற சொல்லுக்கு மணமாகாத நிலை என்று பொருள். எண்கள் தனியாகவே இருக்க வேண்டும் என்பது வாக்கியத்தின் கருத்து. இந்தப் பெயரிலுள்ள மணமறுப்பை வாசகர் நினைவில் கொள்வது நல்லது. பின்னர் ஒரு வேடிக்கைக்குப் பயன்படும்.

நிக்கோலி தன் புதிர்களைக் கையால் அமைத்தது. 1986இல் இரண்டு கட்டுப்பாடுகளையும் விதித்துக்கொண்டது: தொடக்கத்தில் தரப்படும் எண்கள் 32ஐ மிஞ்சலாகாது, அவை அமரும் இடங்கள் சமச்சீராக இருக்க வேண்டும். கையால் அமைப்பவர் தீர்ப்பவரின் பாதையை மனத்தில் வைத்தே அமைக்கிறார். எந்த இடத்தில் வாசகர் தயங்குவார், எங்கே கண் திறக்கும் என்பதை அவர் அறிவார். அந்த இடத்துக்குப் பெயர் சூட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. சமையலறையில் கைப்பக்குவம் பெயரின்றி வழங்குவது போன்றது இது.

பெயர்களின் தேவையைப் பெருக்கியது இயந்திரம். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெயின் கூல்ட், 1997இல் டோக்கியோவின் புத்தகக்கடை ஒன்றில் இப்புதிரைக் கண்டார். பிறகு சில ஆண்டுகள் உழைத்து, புதிர்களைத் தானே உருவாக்கும் கணினி நிரலை எழுதினார். லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் 2004 நவம்பர் 12 அன்று அவருடைய புதிரை வெளியிட்டது. அடுத்த சில மாதங்களில் உலக நாளிதழ்கள் பலவற்றில் சுடோகு இடம்பிடித்தது. நாளிதழுக்குப் புதிர் தந்தால் மட்டும் போதாது. 'எளிது', 'கடினம்' என்று தரமும் பிரித்துத் தர வேண்டும். எந்தப் புதிரையும் முயன்று தவறி நொடிக்குள் தீர்த்துவிடும் கணினிக்கு எல்லாப் புதிர்களும் ஏறக்குறைய ஒன்றே. மனிதருக்கு எது கடினம் என்று கணிக்க வேண்டுமானால், மனிதர் எடுக்கும் ஒவ்வோர் அடியையும் வரையறுத்துக் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். வரையறை வந்தால் பெயரும் வந்தாக வேண்டும். எக்ஸ்-விங்கும் அதன் உறவுகளும் இவ்வளவு விரைவில் நிலைபெற்றதற்கு இந்தத் தரப்படுத்தும் தேவையே பெரிதும் காரணம் எனக் கருத இடமுண்டு.

இனிப் பெயருக்கு அடியிலுள்ள உண்மைக்கு வருவோம். தொடக்க நிலையினர் அறிந்த இன்னொரு வடிவம் 'நேக்கட் பேர்'. வெளிப்படை இணை என்று நாகரிகமாகச் சொல்லலாம். ஒரு நிரையின் இரு கட்டங்களில் 3, 8 ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே வர முடியுமெனில், அந்நிரையின் பிற கட்டங்களில் 3-க்கும் 8-க்கும் இடமில்லை. இதற்கு நேர்மாறானது 'ஹிட்டன் பேர்' என்னும் மறைந்த இணை: இரண்டு எண்கள் ஒரு நிரையின் குறிப்பிட்ட இரு கட்டங்களில் மட்டுமே அமர முடியுமெனில், அந்தக் கட்டங்களில் வேறெந்த எண்ணும் அமர முடியாது.

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் பிலிப் ஹால் 1935இல் வெளியிட்ட தேற்றம் இவற்றின் பொதுவேரைத் தொடுகிறது. ஒரு கூட்டத்தார் ஒவ்வொருவருக்கும் விருப்பப் பட்டியல் ஒன்று உண்டு. ஒருவருக்குக் கிடைத்தது மற்றவருக்குக் கிடையாது. எல்லோருக்கும் அவரவர் பட்டியலிலிருந்து ஒன்று கிடைக்குமா? கூட்டத்திலிருந்து எந்தச் சிறு குழுவை எடுத்தாலும், அக்குழுவின் பட்டியல்களில் மொத்தமாக உள்ள பொருள்கள் குழுவின் எண்ணிக்கைக்குக் குறையாதிருந்தால் கிடைக்கும், குறைந்தால் கிடைக்காது. இதுவே ஹாலின் விடை. இதில் ஓர் எல்லைநிலை உண்டு. குழுவின் எண்ணிக்கையும் பொருள்களின் எண்ணிக்கையும் சரிசமமாக இருந்தால், அப்பொருள்கள் அனைத்தும் அக்குழுவுக்கே செலவாகிவிடும். வெளியிலுள்ளவர் அவற்றை மறந்துவிட வேண்டியதுதான். இரு கட்டங்களுக்கு இரண்டே எண்கள் என்றால் வெளிப்படை இணை. இரண்டு எண்களுக்கு இரண்டே கட்டங்கள் என்றால் மறைந்த இணை. ஓர் எண்ணைப் பொறுத்தவரை இரு நிரைகளுக்கு இரண்டே நிரல்கள் என்றால் எக்ஸ்-விங். மூன்று நிரைகளுக்கு மூன்றே நிரல்கள் என்றால் ஸ்வார்ட்ஃபிஷ். எல்லாம் ஹாலின் எல்லைநிலையே.

முன்பு சொன்ன வேடிக்கை இதுதான். ஹாலின் தேற்றம் கணித வகுப்பறைகளில் 'திருமணத் தேற்றம்' என்றே வழங்குகிறது. பட்டியலை வரன் பட்டியலாகவும் பொருளை மணமக்களாகவும் உருவகித்ததால் வந்த பெயர் அது. எண்கள் மணமாகாதிருக்க வேண்டும் என்று பெயரிலேயே விதிக்கும் புதிரை அவிழ்ப்பது திருமணத் தேற்றம்.

கட்டமும் எண்ணும் வந்த இடத்தில் நிரையும் நிரலும் எவ்வாறு வந்து அமர்கின்றன? இங்கேதான் கல்கத்தா வருகிறது. ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஒரே முறை வரும் சதுரத்துக்கு லத்தீன் சதுரம் என்று பெயர். சுடோகுவில் உள்ள மூன்றுக்கு மூன்று பெட்டிகளின் நிபந்தனையை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒன்பது வரிசை லத்தீன் சதுரமே. இதனை வயலுக்குக் கொண்டுவந்து நிலைநாட்டியவர் ஆர்.ஏ. ஃபிஷர். நிலத்தின் வளம் ஓர் ஓரத்திலிருந்து மற்றோர் ஓரத்துக்கு மாறும். எந்த உரம் நல்லது என்று சோதிக்கும்போது மண்ணின் வேறுபாடு முடிவைத் திரிக்காமலிருக்க, உரங்களை லத்தீன் சதுரமாகப் பரப்ப வேண்டும். மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இத்துறையில் முன்னணியில் நின்றது. அங்கே பணியாற்றிய ராஜ் சந்திர போஸ், 1938இல் இத்தகைய சதுரங்களைக் கட்டமைக்க கலுவாக் களங்களைப் பயன்படுத்தும் முறையை 'சங்க்யா' இதழில் வெளியிட்டார். 1959இல் அவரும் எஸ்.எஸ். ஸ்ரீகண்டேயும் ஈ.டி. பார்க்கரும் ஆய்லரின் 1782ஆம் ஆண்டு ஊகத்தைத் தகர்த்தது 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதற்பக்கத்தை எட்டியது. அந்தக் கதை பலரும் அறிந்தது.

அவ்வளவாகப் பேசப்படாதது, அதே கல்கத்தா வட்டத்தில் இளைஞராக இருந்த சி.ஆர். ராவ் 1940களில் முன்வைத்த அமைப்பு. பின்னாளில் 'செங்குத்து அணி' என்று பொருள்படும் பெயரால் அது வழங்கலாயிற்று. இதன்வழிப் பார்த்தால் சதுரம் என்ற வடிவமே மறைந்துவிடுகிறது. நிரம்பிய ஒன்பது வரிசைச் சதுரத்தை 81 வரிகள் கொண்ட பட்டியலாக எழுதலாம். ஒவ்வொரு வரியிலும் மூன்று இடங்கள்: எந்த நிரை, எந்த நிரல், எந்த எண். இந்த மூன்று இடங்களில் எந்த இரண்டை எடுத்தாலும், சாத்தியமான ஒவ்வோர் இணையும் சரியாக ஒரே முறை வரும். பட்டியலைப் பார்த்து, நிரையைக் குறிக்கும் இடம் எது, எண்ணைக் குறிக்கும் இடம் எது என்று எவராலும் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே தகுதி உடையவை.

மொழியியல் மாணவருக்கு இது அந்நியமானதன்று. 81 வரிகளும் மூன்று பங்கேற்பாளர் கொண்ட 81 வாக்கியங்கள். 'இரண்டாம் நிரையின் மூன்றாம் நிரலில் ஐந்து' என்றாலும் 'ஐந்து இரண்டாம் நிரையில் மூன்றாம் நிரலில்' என்றாலும் செய்தி ஒன்றே. முன்னிறுத்தப்படும் உறுப்புதான் மாறுகிறது. நிரையை முன்னிறுத்தி, அதன் நிரல்கள் எந்தெந்த எண்களைக் கொள்ளும் என்று கேட்டால் வெளிப்படை இணை தோன்றும். எண்ணை முன்னிறுத்தி, நிரைகள் எந்தெந்த நிரல்களைக் கொள்ளும் என்று கேட்டால் எக்ஸ்-விங் தோன்றும். தொடக்கநிலை வடிவம், உயர்நிலை வடிவம் என்று நூல்கள் பிரித்து வைத்திருக்கும் இரண்டும் ஒரே கூற்றின் சொல்வரிசை மாற்றங்கள்.

மூன்றுக்கு மூன்று பெட்டிகள் இந்தச் சமத்துவத்தைக் குலைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்டிக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு ஒழுங்கானது; பெட்டிக்கும் நிரைக்கும் உள்ள உறவு அவ்வாறன்று. பெட்டி நிபந்தனையும் வயலிலிருந்து வந்ததே: ஜெர்மானியரான பேரன்ஸ் 1956இல், மண்வேறுபாட்டை மேலும் சமன்செய்ய, சதுரத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு சோதனையும் ஒருமுறை இடம்பெறச் செய்தார். கார்ன்ஸ் அதை அறிந்திருந்தார் எனக் கருத ஆதாரமில்லை.

ஒரே கூற்று எனில் ஒன்று எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் இருப்பது ஏன்? விடை குறியீட்டு முறையில் இருக்கிறது. புதிர் தீர்ப்போர் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் அங்கே வரக்கூடிய எண்களைச் சிறிதாகப் பென்சிலால் குறித்து வைப்பர். இது கட்டத்தை முன்னிறுத்தி எண்ணைக் கேட்கும் குறியீடு. 3, 8 என்ற இரு எண்கள் மட்டும் எழுதப்பட்ட இரு கட்டங்கள் ஒரே நிரையில் கண்ணில் படுவது இயல்பு. 'இரண்டாம் நிரையில் 5 வரக்கூடிய நிரல்கள்: 3, 8' என்று ஓரத்தில் எழுதி வைப்பவர் அரிது. அவ்வாறு ஒன்பது நிரைகளுக்கும் எழுதினால் எக்ஸ்-விங் வெளிப்படை இணையைப் போலவே பளிச்சென்று தெரியும். ஏதேனும் ஓர் எண்ணைத் தொட்டால் அது வரக்கூடிய கட்டங்களை மட்டும் நிறமிட்டுக் காட்டும் செயலிகள் செய்வது ஏறக்குறைய இதையே. வடிவத்தின் கடினத்தில் பெரும்பங்கு தாளின் கடினம்.

பெயரின் பங்கும் சிறிதன்று. சதுரங்க வல்லுநர்கள் உண்மையான ஆட்டநிலைகளைச் சில நொடிகள் பார்த்தே நினைவிலிருந்து அடுக்குவதையும், காய்களைத் தாறுமாறாக வைத்தால் அந்த மேன்மை பெரும்பாலும் மறைந்துவிடுவதையும் சேஸும் சைமனும் 1973இல் காட்டினர். வல்லமை என்பது பழகிய தொகுதிகளைக் காண்பது. பெயர் அத்தொகுதியைப் பிடித்து வைக்கும் கைப்பிடி. 'எக்ஸ்-விங் தேடு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்பவரின் கண் நான்கு மூலைகளைத் தேடுகிறது. 'ஹாலின் எல்லைநிலையைத் தேடு' என்றால் கண் எங்கும் போகாது. ஆகவே பெயரிட்டோரைக் கணிதம் அறியாதோர் என்று ஒதுக்குவது நியாயமன்று.

ஆயினும் பெயர்கள் பெருகிய விதம் கவனத்துக்குரியது. மீன் உருவகம் நிலைத்ததும், ஒரு மூலையில் கூடுதலாகக் கட்டம் ஒட்டிய வடிவம் துடுப்புள்ள மீன் ஆயிற்று. அதில் ஒரு மூலை விடுபட்டுப்போனால் 'சஷிமி', அதாவது ஜப்பானியர் துண்டிட்டு உண்ணும் பச்சை மீன். ஐந்துக்கு ஐந்து வடிவத்துக்கும் பெயர் இட்டுப் பார்த்தனர். அது வீண். ஓர் எண்ணுக்கு ஐந்து நிரைகள் ஐந்து நிரல்களுக்குள் அடங்கினால், எஞ்சிய நான்கு நிரல்கள் எஞ்சிய நான்கு நிரைகளுக்குள் அடங்கியே தீரும். ஜெல்லிஃபிஷ் தேடுபவர் நிரல்வழிப் பார்த்து அதைக் கண்டுகொள்வார். கொள்கை தெரிந்தவர் இதை ஒரு வரியில் உணர்வார். பெயர்ப்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஒன்றுக்கு இரண்டாகத் தேடி அலைவார்.

ஹாலின் குடும்பத்தில் சேராத வடிவம் ஒன்று உண்டு. புதிர் தீர்ப்போரிடையே கடும் பிணக்கை எழுப்பியதும் அதுவே. 'யுனிக் ரெக்டாங்கிள்' என்பது அதன் பெயர். தனித்தீர்வுச் செவ்வகம் எனலாம். இரண்டு நிரை, இரண்டு நிரல் சந்திக்கும் நான்கு கட்டங்கள் இரண்டே பெட்டிகளுக்குள் அமைகின்றன. நான்கில் எதுவும் தொடக்கத்தில் நிரப்பப்பட்டதன்று. மூன்று கட்டங்களில் 4, 9 மட்டுமே வர முடியும். நான்காவதில் 4, 9 ஆகியவற்றோடு 6-உம் வரலாம். இங்கே 6-ஐ உடனே எழுதிவிடலாம் என்கிறது இவ்வுத்தி. நான்கிலும் 4-உம் 9-உம் மட்டுமே அமர்ந்தால் அவற்றை இடம்மாற்றி இன்னொரு சரியான தீர்வைப் பெறலாம். புதிருக்கு ஒரே தீர்வுதான் என்பதால் அது நிகழாது.

ஆனால் ஒரே தீர்வு என்பது நிரை, நிரல், பெட்டி என்னும் விதிகளில் எங்கும் இல்லை. அது புதிரை அமைத்தவர் தரும் உறுதிமொழி. எனவே இவ்வுத்தி எண்களிலிருந்து அன்றி, அமைத்தவரின் நேர்மையிலிருந்து முடிவெடுக்கிறது. இது ஏமாற்று என்பது ஒரு சாராரின் வாதம்; தரப்பட்ட செய்தி எதையும் பயன்படுத்தலாம் என்பது மறுசாராரின் வாதம். பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளைப் படித்தவர்க்கு இந்தப் பிணக்கு புதிதாகத் தோன்றாது. சொன்னவற்றின் பொருள் ஒன்று. சொன்னவர் ஒத்துழைக்கும் எண்ணத்தோடுதான் சொன்னார் என்று கொள்வதால் கிடைக்கும் உட்கருத்து இன்னொன்று. உட்கருத்தை அறியக் கிரைஸ் தந்த சோதனைகளுள் ஒன்று, அதை முரண்பாடின்றி விலக்கிக்கொள்ள முடியுமா என்பது. 'இப்புதிருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் இருக்கலாம்' என்று அமைத்தவர் அடிக்குறிப்பு எழுதினால் எக்ஸ்-விங் அசையாது. தனித்தீர்வுச் செவ்வகம் அக்கணமே விழுந்துவிடும். ஆகவே இரு வடிவங்களும் கண்ணுக்கு ஒரே செவ்வகமாகத் தெரிந்தாலும் வேறு வகை அறிவைச் சேர்ந்தவை. தீர்வைக் காண விரும்புபவர் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தீர்வு ஒன்றே என்று நிறுவ விரும்புபவர் பயன்படுத்தலாகாது. பிணக்கின் பெரும்பகுதி இவ்விரு நோக்கங்களைக் குழப்பியதால் எழுந்தது. நிறுவுதல் எளிய வேலையுமன்று: தீர்வு ஒன்று கையில் இருக்கும்போதும் இன்னொன்று உண்டா என்று கண்டறிவது, பெரிய சதுரங்களுக்குப் பொதுமைப்படுத்தினால், கணிப்பியலின் கடினமான வகையைச் சேர்ந்தது என்று ஜப்பானின் யாட்டோவும் செட்டாவும் 2003இல் காட்டினர்.

இந்தச் செவ்வகத்துக்கும் பழைய பெயர் உண்டு. லத்தீன் சதுரத்தினுள் இரு எண்கள் இடம்மாறக்கூடிய நான்கு கட்டங்களுக்கு 1939இல் நார்ட்டன் 'இன்டர்கலேட்' என்று பெயரிட்டார். ஏழு வரிசைச் சதுரங்களின் அடிப்படை வகைகளைக் கையால் பிரித்தறிய இச்செவ்வகங்கள் அவருக்கு உதவின. அவர் கண்ட வகைகள் 146. விடுபட்டிருந்த ஒன்றை 1951இல் சாட் கண்டுபிடித்தார்.

செவ்வகம் மூன்றாம் முறை பெயர்மாறியது டப்ளினில். சுடோகுவுக்கு ஒரே தீர்வு இருக்க, தொடக்கத்தில் தர வேண்டிய மிகக் குறைந்த எண்கள் எத்தனை என்பது நெடுநாள் கேள்வி. ஆஸ்திரேலியாவின் கார்டன் ராயல் 17 எண்கள் கொண்ட புதிர்களை 49,000-க்கும் மேல் திரட்டியிருந்தார்; 16 எண்கள் கொண்டது ஒன்றுகூட அகப்படவில்லை. நிரம்பிய சதுரம் ஒன்றில் இடம்மாறக்கூடிய செவ்வகம் இருந்தால், அதன் நான்கு கட்டங்களில் ஒன்றேனும் தொடக்கத்தில் தரப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் தீர்வு இரண்டாகிவிடும். இவ்வாறான கட்டத்தொகுதிகளுக்குத் 'தவிர்க்கவியலாக் கணம்' என்று பெயர். அவற்றுள் மிகச் சிறியது நான்கு கட்டச் செவ்வகம். ஒரு சதுரத்தின் தவிர்க்கவியலாக் கணங்களைத் திரட்டி, அவை ஒவ்வொன்றையும் 16 கட்டங்களால் தொட முடியுமா என்று கேரி மெக்கையரும் அவருடைய குழுவினரும் தேடினர். சாராம்சத்தில் வேறுபட்ட 547 கோடியே 27 லட்சத்து 30 ஆயிரத்து 538 சதுரங்களையும் சோதிக்கக் கணினிகள் ஏறத்தாழ 70 லட்சம் மைய-மணிநேரம் உழைத்தன. முடிவு 2012 ஜனவரியில் வெளியாயிற்று: 16 எண்களில் ஒரே தீர்வுள்ள புதிர் இல்லை. ஏமாற்று என்று பழிக்கப்பட்ட செவ்வகம் அங்கே நிறுவலின் கருவியாக நின்றது. அதில் உறுதிமொழி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே தீர்வு என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.